மாமாவின் சூவேர்

குழந்தைக்கு நான் முதன்முதலில் தைத்தது ஒரு ஜப்லா. கழுத்தை அளவு பார்க்காமல் வெட்டிவிட்டேன், தலை நுழையவில்லை. இரண்டாவதில் தலை நுழைந்தது, கூடவே தோளும் வெளியே வந்தது. பிரசவத்துக்குப் பிறகு தவளக்குப்பத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நான் தையல் கற்ற லட்சணம் இதுதான். உருப்படியாக வந்தவை வட்டத் துணிகள் மட்டுமே. அவற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது சூடாகிறது.

எனக்குப் பால் அதிகம். கொடுப்பினை என்றார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில், வரிசையில் வேறு யாருடைய குழந்தையோ அழுதது. என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் ரவிக்கைதான் நனைந்தது. எதிரே நின்ற ஆள் பார்த்துவிட்டு அவசரமாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலை என்னால் மறக்க முடியவில்லை. விடுப்பு முடிந்ததும் அலுவலகத்தில் கவுன்டரில் உட்கார வேண்டியவள் நான். அங்கே ஒருமுறை இப்படி ஆனால் பால் கொடுப்பதையே நிறுத்திவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கத்துக்காகக் குழந்தையின் வயிற்றில் அடிப்பேன் என்று யாரிடம் சொல்வது?

அதனால்தான் அந்தத் துணிகள். மேலே பூப்போட்ட பருத்தி, உள்ளே டவல் துணி, ஓரம் சுற்றித் தையல். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டால் கசிவது வெளியே தெரியாது. அளவுக்குக் காபி சாசரைக் கவிழ்த்து வைத்துச் சாக்பீசால் கோடு போட்டேன். அங்கேதான் விதி சிரித்திருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்துக்காகக் குழந்தையோடு சாரம் பகுதியில் இருந்த என் மாமனார் வீட்டுக்குத் திரும்பினேன். மாமா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், மனைவியை இழந்தவர். வெறும் மேசையில் கிளாசை வைத்தால் அவருக்குப் பொறுக்காது. அடியில் சூவேர் வேண்டும். கிளாசுக்கு அடியில் வைக்கும் வட்டத் தட்டுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். அது பிரெஞ்சு வார்த்தை என்று தெரியாமல், கல்யாணமான புதிதில் ஏதோ சுவர் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயிலில் சடங்கு முடிந்து ஃபாதரோடு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வைத்திருந்த துணிகள் ஊறிவிட்டன. மாற்றிக்கொள்ளலாம் என்று மாடிக்குப் போனால், துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டவை கொடியில் இல்லை. இறங்கி வந்து அறைக் கதவை ஒருக்களித்துப் பார்த்தேன். கூடத்து மேசையில் ஆளுக்கொரு கிளாஸ் காபி. ஒவ்வொரு கிளாசுக்கு அடியிலும் என் துணி. ஃபாதரின் கிளாசுக்கு அடியிலும்.

"சூவேர் புதுசா இருக்கே?" என்றார் உறவுக்காரர் ஒருவர்.

"மருமவ தெச்சது," என்றார் மாமா. "மாடில காஞ்சிட்டிருந்துது. எனக்காகத்தான் தெச்சிருக்குது போல, சொல்லவே இல்ல பாருங்க."

என் மானம் கப்பலேறிவிட்டது. என் சமையலைக்கூட இதுவரை பாராட்டாத மனிதர்! சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்குள் குழந்தை பசித்துக் கத்தத் தொடங்கியது. பட்டு ரவிக்கையில் ஈரம் பரவிக்கொண்டே போனது. கணவர் பிரியாணி வாங்கப் போயிருந்தார்.

மாமா கதவைத் தட்டினார். "என்னம்மா, கொழந்தைய எல்லாரும் கேக்குறாங்க. ஃபாதர் கெளம்பணுமாம்."

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். "மாமா, அந்த வட்டத் துணியெல்லாம் எனக்கு வேணும்."

"இப்பவா? காபி குடிச்சிட்டிருக்காங்களே."

"அது சூவேர் இல்ல மாமா. பால் கசியுது. அதுக்குத் தெச்சது."

சொல்லிவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அவர் செருப்புச் சத்தம் கூடத்தை நோக்கிப் போனது. "பர்தோன், மன்னிக்கணும், கொஞ்சம் கிளாச தூக்குங்க. பர்தோன் ஃபாதர். இது கொழந்தையோடது, தெரியாம எடுத்துட்டேன்." ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். கதவிடுக்கில் அவர் கை மட்டும் உள்ளே வந்தது. துணிகளில் காபிக் கறை வட்டம் வட்டமாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்து வெளியே வந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மாமாவைப் பார்க்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா கடைத்தெருவுக்குப் போய் வந்தார். பிளாஸ்டிக் வட்டத் தட்டுகளை மேசைமேல் வைத்து, "இது கிளாசுக்கும்மா," என்றார். அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்திருந்த தையல் மெஷின்மேல் இன்னொரு பொட்டலத்தை வைத்தார். அது எதற்கு என்று சொல்லவில்லை. அவர் குளிக்கப் போன பிறகு பிரித்துப் பார்த்தேன்: வெள்ளை டவல் துணி, வருஷக்கணக்கில் தைக்கலாம் போல அவ்வளவு. நன்றி சொல்ல வேண்டுமானால் 'பால் கசியுது' என்ற அந்த வார்த்தையை மறுபடி அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. குழந்தை பால்குடி மறந்த பிறகும் சொல்லவில்லை.