எடைமேடைக்கு எடுத்துப்போக மறந்த பைல்கள்

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் பிழைப்பில் பாதி, தன் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஏன் ஓடவில்லை என்று முழிப்பதுதான். சிடியைப் பையில் போட்டுக்கொண்டு தொழிற்பேட்டை தொழிற்பேட்டையாக அலைந்த சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நின்ற லாரிகள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக்கம்பி ஆலை. வாசலிலேயே எடைமேடை. லாரியை ஏற்றி நிறுத்தினால் எடையைச் சீட்டில் அச்சடித்துத் தரும் நிரல் நான் எழுதியது. அது ஓட, வேறு யார் யாரோ எழுதிய சின்னச் சின்ன பைல்களும் கூடவே வேண்டும். என் கம்ப்யூட்டரில் அவை ஏற்கெனவே இருந்ததால் எனக்கு அவற்றின் நினைப்பே வரவில்லை.

அங்கே போய் ஓட்டினால், ஒரு பைலைக் காணோம் என்று திரையில் கட்டம் வந்து நின்றது. வெளியே லாரிகள் வரிசை கட்டிவிட்டன. ஆந்திரா பக்கத்து டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னா நைனா, பழைய சீட்டு புக்கே நல்லாகீதே. ஏன் எங்கள பேஜார் பண்றே?"

பிளாஸ்க் டீ

அந்த பைலை ஆபீசிலிருந்து கொண்டுவந்து போட்டால், அடுத்த பைலைக் காணோம் என்றது. எங்கள் ஊர் செவ்வாப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, மறுபடியும் கும்மிடிப்பூண்டி. முதலில் அலுத்துக்கொண்டுதான் போனேன்.

எடைமேடை அறையில் சீட்டு போடும் ஜெயந்தி, கவரைப்பேட்டைப் பெண். டிரைவர்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, எனக்கும் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுவாள். ஒருநாள் ரயிலில் சட்டைக் கசங்கலை நீவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. அன்று அறைக்குள் நுழைந்ததும் சிரித்தாள். "வாங்க சார். இன்னிக்கு இன்னாத்த மறந்துட்டு வந்துகிறீங்க?"

சபாஷ்

பிறகு ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. லாரிகள் நின்றதற்காக மேனேஜர் எல்லார் எதிரிலும் அவளைத் திட்டியிருந்தார். "ஒரே வாட்டியில எல்லாம் வர்ற மாதிரி பண்ண முடியாதா சார்?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவளுக்காகவே உட்கார்ந்து ஒரு குட்டி நிரல் எழுதினேன். எடைமேடை நிரல் முழுவதையும் அது படித்து, எந்தெந்த பைல் வேண்டும், அந்த பைலுக்கு வேறெது வேண்டும் என்று தேடிப்போய்த் தானாகவே பட்டியல் போட்டுவிடும். அதன்படி சிடி போட்டுக் கொண்டுபோனேன். வைத்ததும் ஓடியது. ஜெயந்தி கைதட்டினாள். ஆபீசில் முதலாளி தோளைத் தட்டினார். "சபாஷ்! இனிமே நீ கும்மிடிப்பூண்டி பக்கமே தலைவெச்சிப் படுக்க வேணாம்."

வராத போன்

ஆபீஸ் போன் அடிக்கும்போதெல்லாம் ஆலையோ என்று ஓடி எடுத்தேன். அவர்களுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே! சும்மா போய் நிற்க என்ன காரணம் சொல்வது? அவளைப் பார்க்காமல் ஏக்கமாக இருக்கிறது என்று யாரிடம் புகார் எழுதிக் கொடுப்பது?

நிரலில் புது வசதி வேண்டும் என்று ஆலை கூப்பிட்டபோது வருஷம் ஓடிவிட்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். அவள் நாற்காலியில் வேறொரு பெண். ஜெயந்தி கல்யாணமாகி சூளூர்பேட்டைக்குப் போய்விட்டாளாம். சிடியை உள்ளே தள்ளினேன். பாழாய்ப்போனது, அன்றும் தடங்கலில்லாமல் ஓடியது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாஃப்ட்வேர் சார் நீங்கதானா? அந்தக்கா போறவரிக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு, ஏதாச்சும் கெட்டுப்போனாத்தான் இந்த மனுசன் வருவாரான்னு."

இத்தனை வருஷத்தில் நான் எழுதியவற்றிலேயே ஒரு பிழையும் இல்லாத நிரல் அந்தப் பட்டியல் போடும் நிரல்தான். ஒரே ஒரு பைலையாவது அது விட்டுத் தொலைத்திருக்கலாம்.