பால் பண்ணைக்காரனின் வயிறு

எல்ராய் ஹாக்கன் மாடுகளை விற்கப்போகிறான் என்று கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் பண்ணை, அந்தப் பக்கம் அவனுடையது. அவனைப் போல மாடு வளர்ப்பவர்கள் விஸ்கான்சினில் குறைவு. ஆனால் பாவம், மாலைக் கறவைக்குக் குனிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

பெரிய நோய் ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பிறகு ஊரே வைத்தியரானது. ஒருத்தர் இறைச்சியை விடச் சொன்னார், இன்னொருத்தர் இறைச்சி மட்டும் தின்னச் சொன்னார். எல்லாம் செய்தான். வலிக்கும்போதெல்லாம் வயிற்றைக் குளிர்விக்க ஒரு டம்ளர் பாலும் குடித்தான்.

ஏலக்காரன் வெண்டல் வந்து மாடுகளைப் பார்த்துவிட்டுப் போனதும், எல்ராயின் மனைவி மார்லிஸ் பொரிந்து தள்ளினாள்.

"மாட்டுக்கு வயிறு உப்பினா தீவனத்தை எல்லாம் ஒரேயடியா மாத்துவியா?"

"பைத்தியமா? ஒண்ணொண்ணா நிறுத்திப் பாப்பேன். எல்லாத் தீவனமும் எல்லா மாட்டுக்கும் ஒத்துக்காது."

"நீ மட்டும் என்ன, தங்கத்துல செஞ்ச மாடா?"

அன்றே ஆரம்பித்தான். முதலில் ரொட்டியை நிறுத்தினான். பிறகு உருளைக்கிழங்கு, சாசேஜ், கடைசியில் காபி. வலி அசையவில்லை. ஒரு சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து, "இனி நிறுத்த ஒண்ணுமே இல்ல" என்றான். அவன் கையில் பால் டம்ளர். நான் அதையே பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"வாயை மூடு" என்றான். நான் வாயைத் திறக்கவே இல்லை.

பாலை விட்டதும் வலி போன இடம் தெரியவில்லை. மாலைக் கறவையில் அவன் விசிலடிப்பது ரோட்டைத் தாண்டிக் கேட்டது. பாலில் செய்த மற்றதையும் ஒவ்வொன்றாகச் சோதித்தான். ஐஸ்கிரீம் படுக்கவைத்தது. மாதக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்திய செடார் சீஸ் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வெளியே சொல்ல வெட்கம்.

ஜூன் மாதம் பால் பண்ணைக்காரர்கள் ஊருக்கே பான்கேக்கும் சீஸும் பாலும் கொடுக்கும் விருந்து அந்த வருஷம் அவன் முற்றத்தில் நடந்தது. ஊர் முழுக்க நிற்க, வெண்டல் முதல் டம்ளர் பாலை நீட்டினான்.

"வீட்டுக்காரன்தான் முதல்ல குடிக்கணும். என்ன தயங்கற, தண்ணி கலந்திருக்கியா?"

எல்ராய் கழுத்துவரை சிவந்தான். பிறகு உரக்கவே சொன்னான்: "எனக்குப் பால் ஒத்துக்காது."

"பால்காரனுக்கே ஒத்துக்கலன்னா எவன்டா வாங்குவான்?"

"என் மாடுங்களும்தான் குடிக்கறதில்ல. அதுக்காகக் கறக்கறதை நிறுத்திருச்சுங்களா?"

முற்றமே சிரித்து அதிர்ந்தது. நான்தான் முதலில் கை தட்டினேன், பெருமையாக இருந்தது.

"அப்போ ஏலம்?" என்றான் வெண்டல்.

எல்ராய் ஒரு துண்டு செடாரை வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏலமாவது ஒண்ணாவது. பான்கேக் ஆறுது, சாப்பிடு."