கூறைநாட்டுச் சேலையில் விசாரணைக்குப் போனவள்

போன மாதம் என் மகள் செவ்வந்திக்குச் சேலை எடுக்க மன்னார்குடி போனோம். அவள் காலேஜில் பாடம் நடத்துகிறாள். கடை ஆள் என் ரப்பர் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கம்மி வெலையெல்லாம் அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினான். வந்ததே எனக்குக் கோபம்!

"மேல் தட்டுல இருக்கிறத எடுய்யா. வாங்குறதும் வாங்காததும் எங்க பாடு."

"ஏம்மா கத்துற? அவரு என்ன சொல்லிட்டாரு இப்ப?" என்று செவ்வந்தி முழங்கையைக் கிள்ளினாள். என் மாமியார் காத்தாயி ஒரு சேலைக்குக் கொடுத்த விலை தெரிந்திருந்தால் கிள்ளியிருக்க மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் உட்காரவைத்துச் சொன்னேன்.

காத்தாயியைப் பெற்றவள் ஒரு நாள் மிராசுதார் தெருவில் சேலையைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். எங்கள் சனத்துக்கு முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாதாம். எந்த சர்க்கார் போட்ட சட்டமோ, நாசமாய்ப் போக! "தூக்கிக் கட்டுடி" என்றார்கள். மாட்டேன் என்றாள். புளிய விளாறு ஒடியும்வரை அடித்தார்கள். பத்து வயசுக் காத்தாயி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நான் மருமகளாக வந்தபோது அடி நின்றிருந்தது. பொங்கலுக்கு மிராசுதார் கொடுக்கும் துணி மட்டும் நிற்கவில்லை. கோணிச் சாக்குக்குத் தங்கச்சி மாதிரி முரட்டுத் துணி. நாலு தடவை துவைத்தால் சல்லடை. அந்தத் தை மாதம் நாகூர் மூஸா பாய் சைக்கிளில் துணி மூட்டையோடு வந்தார். காத்தாயி அவரை நிறுத்தி, பட்டும் நூலும் கலந்து கட்டம் போட்டு நெய்கிற கூறைநாட்டுச் சேலை ஒன்று வேண்டும் என்றாள்.

"அது ரொம்ப வெல ஆவும், காத்தாயி."

"வெலயக் கேட்டனா பாய்? சேலையக் கேட்டேன்."

அறுவடைக் கூலி நெல் மொத்தமும் அந்தச் சேலைக்குப் போனது. இரண்டு மாசம் வீட்டில் நத்தையும் கீரையும்தான். புதுப் பெண்டாட்டி நான்! வயிற்றெரிச்சலில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் குடிசை நின்றது மிராசுதார் மனையில். அப்புறம்தான் விவசாயக் கூலி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். மிராசுதார் சும்மா இருப்பாரா? இந்தக் குடும்பம் விவசாயக் கூலியே இல்லை, வாடகைக்கு இருப்பவர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஐப்பசியில், சம்பா நடவு மும்முரத்தில், பள்ளிக்கூடத்தில் தாசில்தார் விசாரணை. அதில் தோற்றால் எங்களுக்கு நடுத்தெரு.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செல்லதுரை முதல் நாளே வந்து படித்துப் படித்துச் சொன்னார். "அக்கா, அந்தப் பொங்கத் துணியக் கட்டிக்கிட்டு வாங்க. பாத்தா ஏழையாத் தெரியணும்."

என் மாமனார் காத்தான் கையெடுத்தே கும்பிட்டார். "ஒரு நாளைக்குத்தானடி. கேளுடி."

"மனைய வாங்கப் போறேன். பிச்ச வாங்கவா போறேன்?" என்றாள் காத்தாயி. மறுநாள் அந்த அரக்குக் கூறைநாட்டுச் சேலையை, கட்டம் பளபளக்க, தரை தொடக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

மிராசுதாரின் காரியக்காரர் இராஜாங்கத்துக்கு வாயெல்லாம் பல். "பாருங்க சார்! எங்க வீட்டம்மாவே இப்புடிக் கட்டுறதில்ல. இது கூலிக்காரியா?"

தாசில்தார் சேலையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "உண்மையச் சொல்லும்மா. நீ வயல் வேலதான் செய்யறியா?"

காத்தாயி குனிந்தாள். இரண்டு கையாலும் சேலையை முழங்கால் வரை தூக்கினாள். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், வெள்ளையாய் ஊறி வெடித்து, மேலே மருதாணி அப்பி இருந்தது.

"இதத் தூக்க மாட்டேன்னுதான் எங்கம்மா அடி வாங்குனா. இன்னைக்கு நானாத் தூக்குறேன், நல்லாப் பாத்துக்குங்கய்யா. அப்புடியே இராஜாங்கத்தையும் செருப்பக் கழட்டச் சொல்லுங்க. யாரு காலு வயல்ல நின்னுச்சுன்னு தெரிஞ்சுடும்."

இராஜாங்கம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். யாரோ சிரித்துவிட்டார்கள். தாசில்தார் தலையைக் குனிந்து பேனாவைத் திறந்தார். "போதும்மா. எறக்கிக்க."

"எப்ப எறக்கணும்னு எனக்குத் தெரியும்யா. நீங்க எழுதுங்க."

மனை எங்களுக்குத்தான் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அப்படியே நின்றாள். பிறகுதான் சேலையை விட்டாள். அது தரை வரை இறங்கியது.