மேல்விஷாரத்தில் வாங்கிய காலண்டர் வாட்ச்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிறர் கட்டிய உயர்ரக வாட்சுகளை வாங்கிச் சேர்க்கிறேன். கிழமை, தேதி, மாதம் காட்டுவது என்றால் விடமாட்டேன்.

அப்படி ஒன்றுக்காக மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய் வீட்டுக்குப் போனேன். அவர் நோயில் கட்டிலோடு கிடந்தார். வாட்ச் அவர் மனைவியின் வளையல்களுக்கு மேலே தொளதொளவென்று ஆடியது.

"கை அசைஞ்சாதான் தம்பி இது ஓடும். நான் படுத்ததிலேர்ந்து இவதான் கட்டிக்கினு இருக்கா. நிக்காம ஓடினா லீப் வருஷம்கூட தப்பாது. நின்னுட்டா மறுபடி செட் பண்றது பேஜார்" என்றார் பாய்.

"நானே கட்டிக்கறேன். எதுக்கு விக்கறீங்க?" என்றார் அந்த அம்மா.

"எவ்ளோ நாளைக்கு? நான் கண்ண மூடி மவுத்தானா நீ நாலு மாசம் பத்து நாள் துக்கம் காத்து இத்தா இருப்ப. நகை, வாட்ச் எதுவும் போடமாட்ட. அப்ப நின்னுடும்ல."

நாளைய சமையலைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். அந்த அம்மா கழற்றிக் கொடுத்தார். நான் கொண்டுபோயிருந்த வாட்ச் டப்பாவைத் திறந்தேன்.

"டப்பாவுல வெக்காத தம்பி. கட்டிக்கோ" என்றார் பாய்.

கட்டிக்கொண்டேன். அந்த அம்மாவின் கைச் சூடு அதில் அப்படியே இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் இல்லை.

அதை நான் கழற்றுவதே இல்லை. பாய் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க இன்னும் தைரியம் வரவில்லை. தேதி மட்டும் தவறாமல் மாறிக்கொண்டிருக்கிறது.