சித்தியின் ஜடைக்கு ஒரு பூக்காரம்மா

மில்லர்புரத்தில் என் கல்யாண மண்டபத்துக்கு வந்து பாருங்கள். குழாயில் தண்ணீர் வராத நாள் கிடையாது, பந்தியில் சோறு பற்றாமல் போன நாள் கிடையாது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். மண்டபம் பதிவு செய்ய என் ஒரு கையெழுத்துக்காக, படித்தவர்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள். அவர்கள் செல்போனை நீட்டி, "அம்மா, இந்தப் பூக்கடை நல்லாருக்குமா, அந்தப் பூக்கடை நல்லாருக்குமா?" என்று படம் படமாகத் தள்ளுவார்கள். நான் படத்தைப் பார்ப்பதே இல்லை. "நேர்ல போயி அஞ்சு நிமிஷம் பேசிட்டு வாங்க" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இது பள்ளிக்கூடத்தில் கற்ற பாடமில்லை.

சித்தி கல்யாணத்தின்போது எனக்கு எட்டு வயது. முந்தின வருஷம் சித்திக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டி, கழுத்துவரைக்கும்தான் மறுபடி வளர்ந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று சவுரி முடி வைத்துப் பின்னி உட்காரவைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா தேங்காய்ப் பருமனுக்குக் கொண்டை போட்டவர். அவர் சித்தியின் ஜடையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, "எனக்கு முடிதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும். வெளியே மூச்சு விட்டாயோ, நாக்கில் சூடு வைத்துவிடுவேன் என்று அம்மா என்னை மிரட்டியிருந்தாள்.

பூக்காரரைப் பிடிக்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். முதல் கடையில் பிச்சி மொட்டு குண்டு குண்டாக, வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அந்த வாசத்தில் எனக்குக் கால் நகரவில்லை. அம்மா பூவைத் தொடக்கூட இல்லை. "போன முகூர்த்தத்துல நீங்கதானே பொண்ணு சோடிச்சீய? பொண்ணு எப்படி?" என்றாள்.

கடைக்கார அம்மா குரலைத் தாழ்த்தினார். "அத ஏன் கேக்கீயக்கா! பின்னங்கழுத்துல ரூவா அகலத்துக்குத் தேமல். மரிக்கொழுந்த வச்சுல்லா மறைச்சேன்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த கடை அண்ணாச்சி ஒரு படி மேலே போய், இன்னொரு மணப்பெண்ணின் கட்டுப்பல்லை எங்களுக்கு நடித்தே காட்டினார்.

மூன்றாவது, கடையே இல்லை. கோயில் மதிலோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா. பிச்சி சிறுத்துக் கிடந்தது. அம்மா அதே கேள்வியைக் கேட்டாள்.

"சோடிச்சேன்."

"பொண்ணு எப்படி?"

"பூ வாடல."

"அந்தப் பொண்ணுக்கு முடி கொஞ்சம் கம்மியாமே?"

"உங்களுக்கு எத்தன முழம் வேணும், அதச் சொல்லுங்க."

அம்மா அங்கேயே பேசி முடித்துவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. அம்மாவுக்குப் பூப் பார்க்கவே தெரியவில்லை என்று வீடு வரைக்கும் முனகிக்கொண்டே வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அந்தப் பூக்காரம்மா மண்டபத்து அறைக்குள் வந்ததும் தாழ்ப்பாள் போட்டார். சித்தியின் துண்டு முடியைப் பார்த்து ஒரு 'ச்சொ' கூடக் கொட்டவில்லை. "ஏளா, ஊசிய எடு" என்றார் என்னிடம். எத்தனையோ அலங்காரக்காரர்கள் என் மண்டபத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். அந்த மாதிரிக் கையை நான் பிறகு பார்க்கவே இல்லை. கழுத்து முடியை இறுக்கிப் பின்னி, அதற்குள் சவுரியை விட்டு, இரண்டையும் நூலால் தைத்து, தையல்மேல் பூவைத் தைத்தார். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின. குண்டுப் பூ என்றால் இடுக்குத் தெரிந்திருக்கும். இந்தச் சின்னப் பிச்சியோ படிந்து படிந்து உட்கார்ந்தது. முடி எங்கே தீர்ந்தது, சவுரி எங்கே தொடங்கியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

"தலைய ஆட்டு தாயி. பயப்படாம ஆட்டு" என்றார். சித்தி ஆட்டினாள். ஒரு மொட்டுகூட உதிரவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சித்திக்குப் பின்னால் வந்து நின்று, ஜடையைக் கையில் ஏந்தினார். கனம் பார்ப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்தார். அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. ஜடை அசையவில்லை.

"பூ நல்லா நிக்குதே" என்றார் அவர். பிறகு தூணோரம் நின்ற பூக்காரம்மாவைப் பார்த்து, "எனக்கும் வந்து சரி பண்ணி விடு. எப்பவும் போல" என்றார்.

இரண்டு பேரும் எதிர் அறைக்குப் போனார்கள். அந்த விரல்களை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். என் முகத்துக்கு நேரே கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கோபத்தோடு திரும்பி வந்து அம்மாவின் காதில் முறையிட்டேன். "அவங்களுக்கு எம்புட்டுப் பெரிய கொண்டை! அவங்க எதுக்கும்மா தாழ்ப்பாள் போடுதாங்க?"

அம்மா அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்த சந்தோஷம் போல என்று நினைத்துக்கொண்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.