வகுப்பில் முதல் மாணவி

நான் பள்ளிக்கூடமே போனதில்லை. தென்காசியில் வீட்டிலேயே அம்மாவிடம் படித்தேன். கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றார்கள். குடும்பத்தில் யாரும் எழுதக் கூடாதாம். அம்மாவை விட்டால் என்னைத் தெரிந்தவர் யார்?

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை அடித்த காலையில், தினமும் போகும் நூலகத்துக்கு ஓடினேன். இணையத்தில் பார்த்துக் கடிதத்தை நானே எழுதி வைத்திருந்தேன். நூலகர் அக்கா கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்கா நிதானமாக வாசித்தார்.

“ஏட்டி, வகுப்புல எப்பவும் முதலிடம்னு போட்டிருக்கியே. ஒன் வகுப்புல எத்தன பேரு?”

“நான் மட்டுந்தான்க்கா.”

அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்து என்னிடமே தந்தார். முடியாது என்கிறார் என்று நினைத்தேன்.

அவரோ வேறு தாள் எடுத்து எழுதத் தொடங்கினார். ‘தான் நனைந்தாலும் புத்தகத்தை நனையாமல் கொண்டுவருவாள். புரியாத பக்கத்தை விட மாட்டாள். மறுநாளும் அதே புத்தகத்தைத்தான் எடுப்பாள்.’

“இதெல்லாம் எப்பக்கா பாத்திய?”

“நீ இங்கன உக்காந்து படிக்கும்போது நான் வேற எங்கன பாக்க?”

இடம் கிடைக்குமா என்ற பயம் அன்றைக்குப் போய்விடவில்லை. ஆனால் அதுவரை, நான் படிப்பதை அம்மாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை என்றே நினைத்திருந்தேன்.