கதவைத் திறந்த கை

அந்தத் தெருவில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன் சலவைக் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடைக்கார அக்கா ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் புறங்கையை நெற்றியில் வைப்பார். "ஒண்ணுமில்ல, ஓடி விளையாடின சூடு" என்றால் வந்தவள் நிம்மதியாகத் திரும்பிப் போவாள். "டாக்டர்கிட்டப் போ" என்றால் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவாள். இஸ்திரிப் பெட்டியோ, டீயோ, வெந்நீரோ, எதுவானாலும் கையால் பார்த்து, "பதம் வந்துடுச்சு" என்பார். அதனாலேயே பதமக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவர்கூட நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார். தெருவுக்கு அவர் இன்னும் டிரைவர்தான்.

வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு இஸ்திரி மேஜையோடு தொடங்கிய கடை. பிறகு துவைக்கும் இயந்திரம் வந்தது, துணி காய வைக்க ஒரு டிரையரும் வந்தது. அது சுருள் கம்பி போட்ட பழைய ரகம். சுவிட்சைத் தட்டினால் அடுப்பு மாதிரி தகிக்கும். பதமக்கா நடுநடுவே கதவைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துணியைத் துழாவிப் பார்த்து மூடுவார். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. போன மாதம் கம்பி கருகியது, பழைய இரும்புக்காரர் டிரையரைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இது ஹீட் பம்ப் டிரையர். கரண்டு பாதிதான் இழுக்கும்" என்று டிரைவர் புதியதை இறக்கினார். பஸ் கண்ணாடியைத் துடைத்த அதே பாசத்தோடு தினமும் அதையும் துடைத்தார். எல்லாம் சரி, அது சூடுதான் ஆகவில்லை.

மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. அன்று நீச்சல் குளத்திலிருந்து மாஸ்டர் ஒரு வண்டி நிறையத் துண்டுகளைத் துவைக்க அனுப்பியிருந்தார். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் போட்டி, வெளியூர் அணியும் வருகிறது. "இது சரியா வந்தா வருஷம் பூரா உங்களுக்கேதான்க்கா" என்றிருந்தார். அந்தக் குளத்து வேலைக்காகப் பதமக்கா வெகுநாளாகக் காத்திருந்தார். வெளியே மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கொடியில் போட வழியில்லை. துவைத்த துண்டெல்லாம் மேஜை மேல் குன்றாகக் கிடந்தது.

"இது டிரையர் இல்லைங்க. துணிக்கு வாங்கின ராட்டினம். சும்மா சுத்துது."

"புதுசு. பழகணும்."

"யாரு பழகணும், நானா, அதுவா?"

மதியம் மெக்கானிக் வந்தாள். மழைக்கோட்டை உதறி மாட்டிவிட்டு, பையைத் திறந்த கையோடு பஞ்சு பிடிக்கும் வடிகட்டியை உருவினாள்.

"பெரும்பாலும் இது அடைச்சிருக்கும். ஆனா இதுல டீ வடிகட்டிக் குடிக்கலாம் போல இருக்கேக்கா."

அடுத்து கீழ்ப் பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய தகடுகளில் டார்ச் அடித்தாள். தூசி இல்லை.

"என் பஸ் ரேடியேட்டரைக்கூட நான் இவ்வளவு சுத்தமா வெச்சதில்ல" என்றார் டிரைவர், பெருமை தாங்காமல்.

"அண்ணா, சுத்தத்துக்குப் பரிசு அப்புறம் தர்றேன். முதல்ல கோளாறு கிடைக்கட்டும்."

காற்று ஓடியது. மின்சாரம் சரியாக வந்தது. ஒரு கூடைத் துண்டைப் போட்டு ஓட்டிவிட்டு, அவள் பின்பக்கம் போய்க் குனிந்து காது வைத்தாள். கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. அவள் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் உறுமல் நின்றது.

"யாராவது கதவைத் திறந்தீங்களா?"

"இல்லையே" என்றார் பதமக்கா.

மறுபடி ஓட்டினாள். மறுபடி உறுமல். மறுபடி நின்றது. இந்த முறை அவள் சட்டென்று தலையை நீட்டிப் பார்த்தாள். பதமக்கா ஒரு கையால் சட்டையை மடித்துக்கொண்டே, கண் ஜன்னல் பக்கம் மழையைப் பார்க்க, இன்னொரு கையை முழங்கை வரை டிரையருக்குள் விட்டிருந்தார்.

"அக்கா, இது என்ன?"

"எது?"

"உங்க கை."

பதமக்கா தன் கையைப் பார்த்தார். முழங்கை வரை ஈரம். யாரோ கொண்டுவந்து அங்கே வைத்த கையைப் போல மெதுவாக வெளியே எடுத்தார். டிரைவர் சிரிக்க ஆரம்பித்தவர், இருமி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தினார்.

"பழைய மெஷின் அடுப்பு மாதிரிக்கா, போட்டதும் சுடும். இது உள்ள இருக்கிற காத்தையே திரும்பத் திரும்பச் சுத்த விட்டு, ஈரத்தைப் பிரிச்சு, மெல்ல மெல்லத்தான் சூடேத்தும். கதவைத் திறந்தா கம்ப்ரசர் நின்னுடும், மறுபடி கிளம்பக் கொஞ்ச நேரம் ஆகும். நீங்க அதுக்குள்ள மறுபடி கையை விட்டுடறீங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப கோளாறு நானா?"

"ஸ்டாப்பே இல்லாத இடத்துல எல்லாம் கதவைத் திறந்தா வண்டி எப்ப ஊர் போய்ச் சேரும்?" என்றார் டிரைவர்.

"இவ்வளவு தெரிஞ்சவரு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ கையை விடறது எனக்கே கண்ணுல படலம்மா. வீட்டுல ஒருத்தர் மூச்சு விடறதை யார் பார்த்துக்கிட்டு இருப்பா?"

மெக்கானிக் மூன்றாம் முறையாக ஓட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். பதமக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டார். ஏதோ எடுக்க வருவதுபோல டிரையர் பக்கம் வந்தார்.

"அக்கா, நான் இங்கேயேதான் இருக்கேன்."

"நூல் எடுக்க வந்தேன்மா."

"நூல் அந்தப் பக்கம் இருக்கு."

கடைசியில் மணி அடித்தது. பதமக்கா பாய்ந்து வந்து கையை விட்டார். முகம் வாடிவிட்டது.

"சுடவே இல்லையேம்மா. உடம்புச் சூடுதான் இருக்கு."

"சுட வேண்டாம்க்கா. காஞ்சா போதாதா?"

பதமக்கா ஒரு துண்டை உருவி, தடித்த ஓர மடிப்பை விரல்களுக்கு நடுவே அழுத்திப் பார்த்தார். ஈரமில்லை. கன்னத்தில் வைத்தார். அங்கேயும் இல்லை. பழைய டிரையரில் வெந்து விறைத்து வரும் துண்டு இது இல்லை. நூல் நூலாக எழுந்து நின்றது. இன்னொரு கன்னத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த கூடையைப் போட்டு, கதவை மூடி, தானே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசி மூட்டையை வண்டியில் ஏற்றும்போது மழை தூறலாகியிருந்தது. போட்டி பார்க்கும் ஆசையில் மெக்கானிக்கும் ஏறிக்கொண்டாள். குளத்தங்கரையில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே கரையேறி, துண்டுகளைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் கடைசியாக வந்த ஒரு பொடியன் தோற்றதைப் பற்றிக் கவலையே இல்லாமல் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து நின்றான். வெளியே வரவே மாட்டேன் என்றான்.

"என்னக்கா, புதுத் துண்டு வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார் மாஸ்டர். "அடுத்த மூட்டையை எப்ப அனுப்பட்டும்?"

பதமக்கா வாயைத் திறப்பதற்குள் டிரைவர், "எதுக்கு அனுப்பறீங்க, இப்பவே எடுத்துக்கிறோம்" என்று பக்கத்தில் நின்ற பிள்ளையின் தோளில் கிடந்த துண்டை உருவிவிட்டார்.

"ஏங்க, அது இன்னும் தலை துவட்டி முடிக்கல" என்று பதமக்கா அதைப் பிடுங்கி, அந்தப் பிள்ளையின் தலையைத் தானே துவட்டத் தொடங்கினார்.